தீயணைப்புப் பம்பின் வாயில் என்.ஆர்.வி.யை எங்கே வைப்பது?

சென்னையில் சொந்தமாக சம்ப்பும் மோட்டாரும் வைத்திருப்பவர்களுக்கு ஃபுட் வால்வைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் உறுமும், மாடித் தொட்டியில் ஒரு சொட்டும் விழாது. பிளம்பர் வந்து பிளக்கைக் கழற்றி, மக்கால் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, “ஃபுட் வால்வு போச்சு சார்” என்பார். தண்ணீரை ஒரு பக்கமாகப் போகவிட்டு, திரும்பி வரும்போது வழியை அடைக்கிற சின்னக் கதவுதான் அது.

தீயணைப்புப் பம்ப் அறையில் இருப்பதும் அதே கதவின் பெரிய அண்ணன்தான். வீட்டில் அது கெட்டால் குளிக்கத் தாமதமாகும், உடனே தெரிந்துவிடும். இங்கே கெட்டால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

சைட்டுக்குப் புதிதாக வந்த டிப்ளமோ பிள்ளைகள், ஃபிட்டரிடம் கையாளாகச் சேர்ந்தவர்கள், ‘இனிமேல் பம்ப் ரூம் உங்க பொறுப்பு’ என்று ஒரு சாவிக்கொத்தைக் கையில் வாங்கிக்கொண்ட குடியிருப்புச் சங்கச் செயலாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பெயர்க் குழப்பத்தை முதலில் முடித்துவிடுவோம். வரைபடத்தில் ‘செக் வால்வு’ என்றிருக்கும், கடை பில்லில் ‘நான் ரிட்டர்ன் வால்வு’, பழைய டெண்டர் தாள்களில் ‘ரிஃப்ளக்ஸ் வால்வு’. சைட்டில் எல்லோரும் சொல்வது என்.ஆர்.வி. நான்கும் ஒன்றே.

சாக்பீஸோடு தொடங்குங்கள்

ஸ்பானரை எடுக்காதீர்கள். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பம்ப் அறைக்குள் போங்கள். சம்ப்பிலிருந்து வரும் குழாயில் தொடங்கி, தண்ணீர் போகிற திசையில் ஒவ்வொரு குழாயிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போங்கள். சக்ஷன் குழாய், பம்ப், டெலிவரி குழாய், மேலே மூன்று பம்பும் சேருகிற ஹெடர், அங்கிருந்து கட்டடத்துக்குப் போகிற ரைசர். வழியில் வால்வு வந்தால் அதன் உடம்பில் வார்க்கப்பட்டிருக்கும் அம்பைத் தேடுங்கள். பெயின்ட் இரண்டு மூன்று கோட் ஏறியிருக்கும், கொஞ்சம் சுரண்ட வேண்டியிருக்கும். உங்கள் சாக்பீஸ் அம்பும் வால்வின் அம்பும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா?

சிரிக்காதீர்கள். புதிதாகக் கட்டி முடித்த ஓர் இடத்தில் பம்பை ஓட்டிக் காட்டச் சொன்னோம். பம்பின் வாயில் இருந்த கேஜ் 10 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்தக் கணக்கு) காட்டியது, ஹெடர் கேஜ் அசையவே இல்லை. பம்பைச் சந்தேகப்பட்டார்கள், கேஜைச் சந்தேகப்பட்டார்கள், கேஜை மாற்றியும் பார்த்தார்கள். என்.ஆர்.வி.யைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். பம்ப் எவ்வளவு தள்ளினாலும் கதவு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். வால்வுக்கு முன்னால் ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ் என்று இரண்டும் ஏன் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனியாக

சென்னை அடுக்ககங்களில் பெரும்பாலும் மூன்று பம்புகளைப் பார்ப்பீர்கள். மின்சாரத்தில் ஓடும் மெயின் பம்ப், கரன்ட் போனால் ஓட டீசல் பம்ப், குழாயில் அழுத்தத்தைத் தக்கவைக்க ஒரு குட்டி ஜாக்கி பம்ப். பெரியவை இரண்டும் நிமிடத்துக்கு 2,280 லிட்டர், ஜாக்கி 180 லிட்டர் என்பது அடிக்கடி கண்ணில் படுகிற கணக்கு. மூன்றும் ஒரே ஹெடரில்தான் தண்ணீரைத் தள்ளுகின்றன.

இப்போது மெயின் பம்பின் வாயில் என்.ஆர்.வி. இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி ஓடுகிறது. அது தள்ளும் தண்ணீருக்கு மாடிவரை ஏறுவதைவிட, பக்கத்தில் சும்மா நிற்கிற மெயின் பம்பின் வழியாகச் சம்ப்புக்கே இறங்குவது சுலபம். போகிற போக்கில் மெயின் பம்பைத் தலைகீழாகச் சுற்றிவிட்டும் போகும். அழுத்தம் ஏறாது. அழுத்தம் குறைந்தால் பம்பைக் கிளப்பும் பிரஷர் ஸ்விட்ச் மெயின் பம்பைக் கூப்பிடும். பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு முன்பக்கம் சுற்றக் கரன்ட் போனால் ஆம்பியர் எகிறும். ஓவர்லோடு டிரிப் ஆகலாம், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் முறுக்கிக்கொள்ளலாம். தீப்பிடித்த நேரத்தில் டீசல் பம்ப் ஓடினாலும் இதே கதைதான். அது தள்ளுவதில் ஒரு பங்கு ஹோஸுக்குப் போகாமல் பக்கத்துப் பம்பின் வழியாகக் கீழே திரும்பும்.

அதனால் ஒரு பம்புக்கு ஒரு என்.ஆர்.வி. ஹெடருக்கு மொத்தமாக ஒன்றைப் போட்டு இரண்டை மிச்சம் பிடிக்கிற யோசனையை யாராவது சொன்னால், மேலே சொன்னதை அவருக்குச் சாக்பீஸால் வரைந்து காட்டுங்கள். ஜாக்கிக்கும் உண்டு. குட்டிப் பம்ப்தானே என்று விட்டால் மெயின் பம்ப் ஓடும்போது 7, 8 கிலோ அழுத்தம் அதன் வழியாகத்தான் திரும்பும்.

எது முதலில், எது அடுத்து

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பம்பின் டெலிவரி ஃபிளான்ஜிலிருந்து (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) வெளியே வரும்போது வரிசை இப்படி இருக்க வேண்டும்: பம்ப், குழாய் அளவைப் பெரிதாக்கும் நேர்மைய ரெடியூசர், என்.ஆர்.வி., அதற்குப் பிறகு மூடித் திறக்கும் வால்வு, அதற்கும் பிறகு ஹெடர். மூடும் வால்வு பட்டர்ஃபிளையோ கேட் வால்வோ எதுவாகவும் இருக்கலாம். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். தீயணைப்புப் பம்புகளுக்கான அமெரிக்க விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 20-உம் இதே வரிசையைத்தான் கேட்கிறது: செக் வால்வு பம்பின் பக்கம், மூடும் வால்வு அமைப்பின் பக்கம்.

ஏன்? என்.ஆர்.வி.க்குள் நகரும் பாகம் இருக்கிறது, ரப்பரோ உலோகமோ ஓர் இருக்கை இருக்கிறது. என்றைக்காவது அதைத் திறந்தே ஆக வேண்டும். அன்றைக்கு மூடும் வால்வை அடைத்துவிட்டால், அந்தப் பக்கம் ஹெடர் அழுத்தத்தோடு இருக்கும். மற்ற இரண்டு பம்பும் கட்டடத்தைக் காத்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நீங்கள் நிதானமாக வேலை பார்க்கலாம். வரிசையை மாற்றி, மூடும் வால்வை முன்னால் போட்டு என்.ஆர்.வி.யை ஹெடரோடு ஒட்டினால் அதைத் திறக்க ஹெடர் முழுவதையும் வடிக்க வேண்டும். ரைசரில் நிற்கும் தண்ணீர் எல்லாம் கீழே வரும். வேலை முடியும்வரை அந்தக் கட்டடத்தில் தீயணைக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இப்படிப் போட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் என்.ஆர்.வி. கெட்டுப்போனது தெரிந்தும் யாரும் தொடவில்லை. தொட்டால் அவ்வளவு வேலை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்.ஆர்.வி.க்கும் மூடும் வால்வுக்கும் நடுவில் ஒரு சின்ன டிரெயின் குழாய், 25 மில்லிமீட்டர் போதும். இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது நடுவில் அழுத்தம் சிறைப்பட்டு நிற்கும். அதை வெளியே விடாமல் மூடியின் போல்ட்டைத் தளர்த்தினால் முகத்தில் அடிக்கும். 150 மில்லிமீட்டர் வால்வின் தட்டுக்குப் பரப்பளவு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். 7 கிலோ அழுத்தத்தில் அதன் மேல் விழும் பாரம் 1,200 கிலோவைத் தாண்டுகிறது. டிரெயினைத் திறந்து, கேஜ் பூஜ்ஜியம் காட்டி, தண்ணீர் நின்ற பிறகுதான் போல்ட்டில் கை. சக்ஷன் பக்கம் தொட்டி பம்பைவிட உயரத்தில் இருந்தால் சக்ஷன் வால்வையும் மூடுங்கள். பேனலில் அந்தப் பம்பை ஆஃப் செய்து, ஐசொலேட்டரை இறக்கி, ‘ஆள் வேலை செய்கிறார்’ அட்டையைத் தொங்கவிடுங்கள். டீசல் என்றால் பேட்டரியின் வயரையும் கழற்றுங்கள்.

பம்பிலிருந்து எவ்வளவு தள்ளி?

பம்பிலிருந்து வெளியே வரும் தண்ணீர் அமைதியாக வருவதில்லை. பம்புக்குள் சுற்றும் சக்கரமான இம்பெல்லர் சுழற்றிவிட்ட சுழலோடு, குழாயின் ஒரு பக்கம் வேகமாகவும் இன்னொரு பக்கம் மெதுவாகவும் வரும். எல்போவைத் தாண்டியவுடனும் அப்படித்தான். அந்தக் கொந்தளிப்பிலேயே ஸ்விங் வகை என்.ஆர்.வி.யை, அதாவது தட்டு ஒரு கீலில் தொங்கி ஆடும் வகையை, வைத்தால், அதன் தட்டு முழுதாகத் திறந்து ஓர் இடத்தில் நிற்காமல் காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்வதுபோலப் படபடக்கும். சில வருடத்தில் கீலின் பின் தேய்ந்து, தட்டு ஒருபக்கம் சரிந்து, சரியாக உட்காராமல் போகும்.

இதற்குப் பொதுவான கைக்கணக்கு, வால்வுக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நேர்க்குழாய். 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 750, 200-க்கு 1,000 மில்லிமீட்டர். வால்வோடு வரும் தாளில் கம்பெனி வேறு கணக்குச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னவுடன் சைட் என்ஜினீயர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். சென்னையில் பேஸ்மென்ட்டின் ஒவ்வோர் அடியும் பார்க்கிங் கணக்கில் போய்விடுகிறது. பம்ப் அறைக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். தரையில் ஒரு மீட்டர் நேர்க்குழாய் போட இடமிருக்காது. அப்போது மேலே பாருங்கள். எல்போ போட்டு ஹெடருக்கு ஏறும் செங்குத்துக் குழாயில் இரண்டரை மீட்டர்கூட இருக்கலாம். ஸ்விங் வால்வை அங்கே வைக்கலாம், தண்ணீர் மேல்நோக்கி ஏறுகிற குழாயாக இருந்தால் மட்டும். கீழ்நோக்கி இறங்கும் குழாயில் அதை வைக்கவே கூடாது. தட்டு தன் கனத்தில் தொங்கித் திறந்தே கிடக்கும்.

செங்குத்தில் வைக்கும்போது இரண்டு கவனம். மேலே இருந்து துரு, செதில் எல்லாம் இறங்கி மூடிய தட்டின் மேல் படியும், அதனால் டிரெயின் அந்தத் தட்டுக்கு மேலே, ஒட்டினாற்போல இருக்க வேண்டும். வால்வு நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். கூரையோடு ஒட்டிவிட்டால் அதைத் திறக்க இரண்டு ஆளும் ஏணியும் வேண்டும், அப்புறம் யாரும் திறக்கப்போவதில்லை.

அதற்காக வால்வை வெகுதூரம் தள்ளிக்கொண்டு போகவும் வேண்டாம். பம்ப் அறைக்கு வெளியே, வேறு தளத்தில் என்.ஆர்.வி.யை வைத்தால் பம்ப் நிற்கும்போது நடுவிலுள்ள குழாயின் தண்ணீர் முழுவதும் பம்பின் மேல்தான் விழும்.

அம்பு, கீல், மூடி

ஸ்விங் வகையைப் படுத்த குழாயில் வைத்தால் கீல் மேலே, மூடி வானத்தைப் பார்க்க. மூடியைக் கழற்றித் தட்டை வெளியே எடுக்கும் அளவுக்கு மேலே இடம் விடுங்கள். கேபிள் ட்ரே போடுகிறவர்கள் அந்த இடத்தைத்தான் தேடி வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரட்டைத் தட்டு வகை இப்போது அதிகம் வருகிறது. மெலிதாக இருக்கும், இரண்டு ஃபிளான்ஜுக்கு நடுவில் பிஸ்கட்டைப்போலச் செருகலாம், உள்ளே ஸ்பிரிங் உண்டு. படுத்த குழாயில் இதன் நடுப் பின் செங்குத்தாக நிற்க வேண்டும். பின் படுத்திருந்தால் ஒரு தட்டு கனத்தால் தொங்கும், இன்னொன்று ஸ்பிரிங்கை நம்பி நிற்கும். இரண்டும் ஒன்றுபோல வேலை செய்யாது. அடுத்தது, இந்தத் தட்டுகள் திறக்கும்போது வால்வின் உடம்பைத் தாண்டி வெளியே நீளும். அடுத்து வரும் பட்டர்ஃபிளை வால்வின் தட்டும் திரும்பும்போது இந்தப் பக்கம் நீளும். இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டிவைத்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பட்டர்ஃபிளை பாதிதான் திறக்கும், கைப்பிடியைப் பலமாக இழுத்தால் என்.ஆர்.வி.யின் தட்டு வளையும். நடுவில் ஒரு சின்னக் குழாய்த்துண்டு போட்டால் தீர்ந்தது. இடம் மிச்சம் பிடிக்க இந்தத் துண்டைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

எந்த வகை நல்லது என்று கேட்டால், உயரமான கட்டடத்துக்கு என் ஓட்டு ஸ்பிரிங் உள்ள வகைக்கு. காரணம், பம்பை நிறுத்தும்போது கேட்கும் அந்த ‘தடால்’ சத்தம். பம்ப் நின்றதும் தண்ணீர் திரும்ப ஆரம்பிக்கிறது. ஸ்விங் தட்டு சோம்பலாக இறங்குவதற்குள் திரும்பும் தண்ணீர் வேகம் பிடித்து, தட்டை அடித்துச் சாத்துகிறது. இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தின் மேல் சுமார் 12 கிலோ ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு ஏறி இறங்கும். கேஜ் முள் கழன்று விழுவதும் கேஸ்கட் பிதுங்குவதும் அதனால்தான். ஸ்பிரிங் உள்ளது, தண்ணீர் திரும்புவதற்கு முன்பே பெரும்பாலும் மூடிவிடும். ஸ்விங்கின் பக்கம் ஒரு நியாயம் உண்டு: குழாயைக் கழற்றாமல் மூடியை மட்டும் திறந்து உள்ளே பார்த்துவிடலாம்.

சின்னக் குழாய்கள்

பெரிய குழாயைச் சரியாகப் போட்டுவிட்டு அரை இஞ்ச் குழாயில் கோட்டை விடுவதுதான் வழக்கம். எது என்.ஆர்.வி.க்கு முன்னால், எது பின்னால் என்பதற்கு ஒரே கேள்வி போதும்: இந்தக் குழாய்க்குத் தெரிய வேண்டியது பம்பைப் பற்றியா, கட்டடத்தைப் பற்றியா?

பம்பைப் பற்றியது எல்லாம் முன்னால், அதாவது பம்புக்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவில். பம்பின் கேஜ், காற்று வெளியேறும் வால்வு, தண்ணீர் வெளியே போகாமல் பம்ப் சும்மா ஓடும்போது சூடாகாமலிருக்கக் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிடும் சின்ன ரிலீஃப் வால்வு, இருந்தால் பெரிய ரிலீஃப் வால்வு, டீசல் என்ஜினைக் குளிர்விக்க ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் தண்ணீர்க் குழாய் எல்லாம் இங்கே. கடைசியாகச் சொன்னதைப் பின்னால் எடுத்தால், டீசல் பம்ப் நின்ற பிறகும் ஹெடர் தண்ணீர் அதன் வழியாக ஒழுக வாய்ப்பிருக்கிறது. ஜாக்கி ஏன் ஓய்வில்லாமல் ஓடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

கட்டடத்தைப் பற்றியது பின்னால். முக்கியமானது பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் குழாய். அதைப் பம்பின் பக்கம் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பம்ப் நின்றவுடன் கிளாண்ட் (பம்பின் தண்டு வெளியே வரும் இடத்து அடைப்பு) வழியாகச் சொட்டி அந்தத் துண்டின் அழுத்தம் இறங்கும். கட்டடம் முழுக்க 7 கிலோ நிற்கும்போதே, ‘அழுத்தம் இல்லை’ என்று ஸ்விட்ச் பம்பைக் கிளப்பும். இரவு இரண்டு மணிக்குப் பம்ப் தானாக ஓடினால் மறுநாளே காவலாளி பேனலை ஆஃபில் போட்டுவிடுவார். பிறகு அது ஆஃபிலேயே இருக்கும். என்.எஃப்.பி.ஏ. 20 இந்தக் குழாயை என்.ஆர்.வி.க்கும் மூடும் வால்வுக்கும் நடுவில், ஒவ்வொரு பம்புக்கும் தனியாக எடுக்கச் சொல்கிறது. நம் ஊரில் ஹெடரிலிருந்து எடுப்பதையும் நிறையப் பார்க்கலாம். பம்பின் பக்கம் மட்டும் போகாதீர்கள். பம்பின் திறனைச் சோதிக்கும் டெஸ்ட் குழாயும் என்.ஆர்.வி.க்குப் பிறகுதான், அப்போதுதான் சோதனையில் என்.ஆர்.வி. திறக்கிறதா என்பதும் சேர்ந்து தெரியும்.

அந்த அமெரிக்க முறைப்படி போட்ட இடங்களில் பிரஷர் ஸ்விட்ச் குழாயில் குட்டி செக் வால்வுகள் இரண்டு, குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இருக்கும். தட்டில் 2.4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டிருப்பார்கள். அழுத்தத்தின் குலுக்கல் ஸ்விட்சை உலுக்காமலிருக்க அந்த ஏற்பாடு. ஒருமுறை ஒரு ஃபிட்டர் அண்ணன், “ஓட்டை வால்வை நம்ம தலையில கட்டிட்டான்” என்று கோபமாக இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டையில்லாத புதுசை வாங்கிவந்துவிட்டார். நல்லவேளை, பொருத்துவதற்குள் பார்த்துவிட்டோம்.

சம்ப் கீழே இருந்தால்

முடிந்தவரை பம்பைவிடத் தொட்டியின் நீர்மட்டம் உயரத்தில் இருப்பதே நல்லது. ஆனால் சம்ப்பின் மேலேயே பம்ப் அறை கட்டிய பழைய கட்டடங்கள் இங்கே ஏராளம். அங்கே சக்ஷன் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கும், சக்ஷன் குழாயை நிரப்பிவைக்க மேலே ஒரு பிரைமிங் தொட்டி இருக்கும். அந்தத் தொட்டியிலிருந்து பம்புக்கு இறங்கும் குழாயிலும் ஓர் என்.ஆர்.வி. தேவை. இல்லாவிட்டால் பம்ப் ஓடும்போது டெலிவரி அழுத்தம் அந்தக் குழாயில் ஏறிப் பிரைமிங் தொட்டியைப் பொங்கவிடும். பம்ப் அறைத் தரை நனைந்திருந்தால் கூரை ஒழுகல் என்று நினைப்பதற்கு முன் அந்தத் தொட்டியைப் பாருங்கள்.

மொட்டைமாடித் தொட்டி ரைசரோடு சேரும் இடத்திலும், தெருவில் தீயணைப்பு வண்டி தண்ணீர் செலுத்தும் இன்லெட்டிலும் இதே காரணத்துக்காக என்.ஆர்.வி. இருக்கும். சாக்பீஸோடு அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள்.

வாங்கப் போகும்போது

பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் கடைக்குக் கடை வால்வு கிடைக்கும். ‘ஆறு இஞ்ச் என்.ஆர்.வி. ஒண்ணு’ என்று மட்டும் கேட்டால் அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிவர வேண்டியதுதான். மூன்று விஷயத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

முதலாவது, அழுத்தத் தரம். பம்பின் பெயர்த்தகட்டில் 100 மீட்டர் என்றிருந்தால் 10 கிலோ என்று நினைத்து பி.என். 10 (10 கிலோ அழுத்தத்துக்கான தரம்) வாங்கக் கூடாது. வால்வு மூடிய நிலையில் பம்ப் கொடுக்கும் அழுத்தம் இன்னும் அதிகம். தீயணைப்புப் பம்புகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15301 படுக்கை வகைப் பம்புகளுக்கு அதை 120 சதவீதம்வரை அனுமதிக்கிறது. ஆகவே 12 கிலோ, அதன் மேல் நிறுத்தும்போது வரும் அடி வேறு. பி.என். 16 வாங்குங்கள். ஸ்விங் வகைக்கு ஐ.எஸ். 5312 முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது, ஃபிளான்ஜின் ஓட்டை. இதில் பணம் தொலைத்தவர்கள் அதிகம். 150 மில்லிமீட்டரில் டேபிள் இ (பழைய பிரிட்டிஷ் ஃபிளான்ஜ் அளவு), பி.என். 16 இரண்டுக்குமே எட்டு ஓட்டைதான், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஓட்டைகள் அமைந்த வட்டம் முதலதில் 235 மில்லிமீட்டர், இரண்டாவதில் 240. போல்ட் உள்ளே போகாது. ஃபிட்டர் கேஸ் கட்டரை எடுப்பார். 80 மில்லிமீட்டரில் இன்னும் மோசம், டேபிள் இ-க்கு நான்கு ஓட்டை, பி.என். 16-க்கு எட்டு. பழைய ஃபிளான்ஜை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, உள்பாகம். கீல் பின்னும் இருக்கையும் துருப்பிடிக்காத எஃகிலோ கன்மெட்டலிலோ இருக்கட்டும். கடற்காற்றும் போர்வெல் தண்ணீரும் சேர்ந்த ஊர் இது. கடையிலேயே தட்டை விரலால் தள்ளிப் பாருங்கள். உராயாமல் திறந்து, விட்டவுடன் தானாக உட்கார வேண்டும்.

பொருத்தும் நாள்

வெல்டிங் எல்லாம் முடிந்து, குழாயைத் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் என்.ஆர்.வி.யைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் அடுக்ககத்தில் ஜாக்கி நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருந்தது. பராமரிப்புக்காரர்கள் ஜாக்கியையே மாற்றினார்கள், பிரஷர் ஸ்விட்சை மாற்றினார்கள், சங்கத்துக்கு இரண்டு பில். கடைசியில் டீசல் பம்பின் என்.ஆர்.வி.யைத் திறந்தால், தட்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெல்டிங் ராடு துண்டு.

வால்வின் கனத்தைப் பம்பின் வாயில் தொங்கவிடாதீர்கள்; குழாய்க்குத் தரையிலிருந்து தாங்கு கொடுங்கள். கேஸ்கட் உள்ளே பிதுங்காமல் நடுவாக உட்காரட்டும், போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். வால்வை வைத்து இழுத்துக் குழாயின் கோணலைச் சரிசெய்யப் பார்த்தால் உடம்பு விரிசல் விடும், வார்ப்பிரும்பு வளையாது.

பிடிக்கிறதா என்று பார்ப்பது

பகலில், சங்கத்துக்கும் காவலாளிக்கும் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள். ஜாக்கி ஓடி அழுத்தம் ஏறி நின்றதும் மூன்று பம்பையும் ஆஃப் செய்யுங்கள். ஹெடர் கேஜைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முள் நகராவிட்டால் சரி, வீட்டுக்குப் போகலாம்.

இறங்கினால் எங்கோ போகிறது. இப்போது ஜாக்கியை ஓட்டி மறுபடி ஏற்றி நிறுத்திவிட்டு, ஒரு பம்பின் மூடும் வால்வை மட்டும் அடையுங்கள். இன்னும் இறங்குகிறதா? அதைத் திறந்துவிட்டு அடுத்ததை அடையுங்கள். எதை அடைத்தபோது முள் நிற்கிறதோ அந்தப் பம்பின் என்.ஆர்.வி.தான் கசிகிறது. ஒன்றுக்கு மேற்பட்டவை கசிந்தால் தனித்தனியாக அடைப்பதில் பிடிபடாது. மூன்றையும் ஒன்றாக அடைத்துப் பாருங்கள். அப்படியும் இறங்கினால் கோளாறு பம்ப் அறைக்கு வெளியே, ஹோஸ் ரீலிலோ புதைத்த குழாயிலோ இருக்கிறது. ஒரு பழைய வித்தையும் உண்டு: நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை வால்வின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டுங்கள். கசிகிற வால்வு சீறுவது கேட்கும். எல்லாப் பம்பும் நின்றிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

திறக்காமல் மாட்டிக்கொண்டதா என்று பார்க்க, பம்பை ஓட்டி டெஸ்ட் குழாயைத் திறந்து, இரண்டு கேஜையும் ஒப்பிடுங்கள். தண்ணீர் நன்றாக ஓடும்போது இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பமாக இருக்க வேண்டும். பம்ப் கேஜ் உச்சத்தில் நின்று டெஸ்ட் குழாயில் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள்.

உள்ளே திறந்து பார்ப்பதற்கு, பராமரிப்புக்கான என்.எஃப்.பி.ஏ. 25 ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. போர்வெல் தண்ணீரை நிரப்பும் சம்ப்பென்றால் நான் மூன்று வருடத்தில் திறப்பேன். 2015 வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மழையிலோ பேஸ்மென்ட் மூழ்கிய கட்டடம் என்றால், அதன் பிறகு திறந்ததாக எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் மூன்று மூடும் வால்வும் முழுதாகத் திறந்திருக்கின்றனவா, சங்கிலி போட்டாயிற்றா, மூன்று செலக்டர் ஸ்விட்சும் ஆட்டோவில் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பத்து நிமிடம் அங்கேயே நின்று, ஜாக்கி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்று கணக்கெடுத்து, பேனலுக்குப் பக்கத்துச் சுவரில் தேதியோடு எழுதிவையுங்கள். பத்து நிமிடத்தில் ஒருமுறைகூட ஓடவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். சாக்பீஸ் அழிந்துவிடும், பெயின்ட் மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள்.